ஏழு ஏரிச் சுள்ளி

பெருந்தாங்கல் ஏரியின் நடுவே ஒரு கருவேல மரம். அதன் தெற்குக் கிளையில் சொக்கி, மருதாயி என்று இரண்டு பெண் நாரைகள் குடியிருந்தன. நாலு மழைக்காலமாக ஒரே கூடு. மீன் கிடைத்தால் ஆளுக்குப் பாதி. ஒருத்தி வந்து சேராவிட்டால் இன்னொருத்திக்கு இரை இறங்காது!

ஐப்பசி பிறந்தது. மருதாயியின் இறக்கையில் முள் ஏறிவிட்டது. பாவம், பறக்க முடியவில்லை. மறுநாள் காலையிலேயே காவல்கார நீர்க்காகம் வந்து நின்றது.

"மருதாயி படுத்துட்டா. சட்டப்படி இந்தக் கிளை இனி அவ குடும்பத்துக்கு, அதாவது சித்தப்பன் மகனுக்கு. நீ கீழ இறங்கு, சொக்கி!"

"நான் ஏண்ணே இறங்கணும்? இது எங்க வீடு!"

"நீ அவளுக்கு யாரு?"

சொக்கிக்குச் சுருக்கென்றது. "நான் அவளுக்கு எல்லாம்!" என்றாள்.

"அப்படி ஒரு உறவு சட்டத்துல இல்லையே! ஆண் சுள்ளி கொண்டு வரணும், பெண் அடுக்கணும். ஏழு ஏரிக்கும் அதுதான் குடும்பம். மத்ததெல்லாம் சும்மா அக்கம்பக்கம். பௌர்ணமிக்குள்ள காலி பண்ணு!"

அந்தச் சித்தப்பன் மகன் இருக்கிறானே, ஒருநாள்கூட மருதாயியை எட்டிப் பார்க்காதவன்! சொக்கி போய்விட்டால் இரை கொடுக்க ஆளின்றி மருதாயி செத்தே போவாள்.

ஒரே ஒரு வழி இருந்தது. ஏழு ஏரியிலும் சம்மதம் கேட்டு, ஏரிக்கு ஒரு சுள்ளி வாங்கி வந்து வைத்தால், பறவைகளின் பஞ்சாயத்தான ஆயம் கூடி வழக்கைக் கேட்டே ஆக வேண்டும். இதுவரை எந்தப் பறவையும் அதைச் செய்ததில்லை. அவ்வளவு சோம்பல்!

"நான் போறேன்!" என்றாள் சொக்கி.

"ஏழு ஏரிக்குமா? உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா புள்ள?" என்றாள் மருதாயி.

"பிடிச்சாச்சு!"

பகலெல்லாம் பறந்தாள். சாயங்காலம் மீனோடு திரும்பி மருதாயிக்கு ஊட்டினாள். சொந்த ஏரியில் பக்கத்துக் கூட்டுக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு சுள்ளி கொடுத்தாள். இரண்டாவது ஏரியில் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். மூன்றாவது ஏரியில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சொக்கி கரையில் உட்கார்ந்து அழுதேவிட்டாள்.

அப்போது இரண்டு ஆண் வாத்துகள் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தன.

"அக்கா, நாங்க அண்ணன் தம்பி இல்ல."

"பின்ன?"

"உங்களை மாதிரிதான்! ஆறு வருஷமா பயந்துபோய் அண்ணன் தம்பின்னு சொல்லிட்டுத் திரியறோம். இந்தாங்க எங்க ஏரிச் சுள்ளி! நாங்களும் கூட வரோம்!"

அட, அதன்பிறகு பார்க்க வேண்டுமே! ஒருத்தி மூன்று பேரானாள், மூன்று பேர் முப்பது பேரானார்கள். சிரித்த ஏரிக்கே திரும்பிப் போனார்கள். அங்கே ஒரு தாய்க்கொக்கு ஓடி வந்து, "இப்படித்தான் இருக்கான்னு என் மகனை விரட்டிட்டாங்க! அவனுக்காகத் தரேன்!" என்று சுள்ளியை நீட்டினாள். மற்ற ஏரிகளிலும் ஒவ்வொன்றாகச் சுள்ளி கிடைத்தது. பௌர்ணமியன்று காலையில் பெருந்தாங்கல் வானமே இறக்கையாக நிறைந்தது!

ஆயத்தின் தலைவர் கூழைக்கடா. ஏழு சுள்ளியையும் பார்த்துத் தாடைப் பையை உப்பிக்கொண்டார்.

"ஏம்மா, சட்டத்தை மாத்தினா ஏரியே தலைகீழாப் போயிடும்!"

"அப்ப அதை எல்லாருக்கும் ஒரே மாதிரி நடத்துங்க ஐயா!" என்றாள் சொக்கி. "யாரு சுள்ளி கொண்டு வந்தா, யாரு அடுக்கினான்னு ஒவ்வொரு கூட்டுலயும் கேளுங்க. சட்டத்துக்குள்ள வராதவங்க எங்களோட இறங்கட்டும்!"

"ஆகட்டும்! நான் நேர்மைக்காரன்!" என்று மார்தட்டினார் தலைவர்.

நீர்க்காகம் ஏரியைச் சுற்றிவிட்டு மூச்சு வாங்க வந்தது.

"ஐயா, இலைக்கோழி வீட்டுல அப்பன்தான் கூடு கட்டி, அவனே அடையும் காக்கிறான்!"

"இறக்கு!"

"பாம்புத்தாரா வீட்டுல ரெண்டு பேருமே சேர்ந்து அடுக்கறாங்க!"

"இறக்கு!"

"புருஷனைப் பருந்துக்குப் பறிகொடுத்த கொக்கு, தானே கொண்டு வந்து தானே அடுக்கறா!"

"இற..." தலைவர் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். "இன்னும் இருக்கா?"

"ஒரே ஒரு கூடு பாக்கி ஐயா. உங்களோடது."

உச்சிக் கிளையிலிருந்து தலைவரின் மனைவி கத்தினாள். "இவருக்குக் கால்வலி! சுள்ளி பூரா நான்தான் சுமந்தேன். இவரு உட்கார்ந்த இடத்துல அடுக்கினாரு, அதுவும் கோணல்மாணலா! இப்ப நாங்களும் இறங்கணுமா?"

ஏரியே விழுந்து விழுந்து சிரித்தது! தலைவரின் தாடைப் பை சுருங்கிப்போனது. பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"மாத்தறேன்! சேர்ந்து வாழறோம்னு ரெண்டு பேரும் மனசாரச் சொன்னா அது குடும்பம். கிளையும் உண்டு, காவலும் உண்டு. ஏழு ஏரிக்கும் இனி இதுதான் சட்டம்!"

சொக்கி ஏழு சுள்ளியையும் அலகில் கவ்விக்கொண்டு பறந்தாள். பின்னாலேயே நீர்க்காகமும் வந்தது. சட்டப்படி மறுபடி கேட்க வேண்டுமல்லவா?

"நீ அவளுக்கு யாரு?"

வாய் நிறையச் சுள்ளி. சொக்கியால் பதில் சொல்ல முடியவில்லை. படுத்திருந்த மருதாயி எழுந்து நின்று, ஏரி முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்: "குடும்பம்!"

நீர்க்காகம் தலைகுனிந்து, கிளைக்குக் காவலாக அங்கேயே உட்கார்ந்துகொண்டது. சொக்கி ஒவ்வொரு சுள்ளியாக நீட்ட, மருதாயி வாங்கி வாங்கி அடுக்கினாள். அன்று பிடித்த மழை நாலு நாள் கொட்டியது. கூடு அசையவே இல்லை.

அன்போடு சேர்ந்து வாழும் எல்லாருக்கும் ஒரே சட்டம் இருப்பதே நீதி. அதைத் துணிந்து கேட்பவருக்குத் துணை தானாக வந்து சேரும்.