தலைக்கயிறு இல்லாமல் வந்த லேப்டாப்

பூச்சம்பாளையத்து மாட்டுத் தரகர்கள் மூன்று பேருக்கும் மாட்டைப் பற்றித் தெரியாதது ஒன்றும் இல்லை. மற்றதைப் பற்றித் தெரிந்தது ஒன்றும் இல்லை. இந்த இரண்டாவது சங்கதி மட்டும் அவர்கள் காதுக்கு இன்னும் எட்டவில்லை.

மூவரில் செங்கோடனுக்கு லேசாக ஒரு சந்தேகம் உண்டு. போன வருஷம் மகள் தாரணிக்காக அவர் அடித்துப் பேசி வாங்கிவந்த செல்போன், கடையில் பார்வைக்கு வைத்திருந்த பொம்மை. தாரணி திட்டவில்லை. "கையில பிடிக்க நல்லாத்தான் இருக்குதப்பா" என்றாள். திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இப்போது அவளுக்கு டிசைன் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை வகுப்பு. லேப்டாப் இல்லாமல் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமை அவள் சான்றிதழ் கொடுக்கப் போகவேண்டியிருந்ததால் செங்கோடன் முன்வந்தார்.

"இந்தத் தடவை ஏமாற மாட்டேன் அம்மணி. நாச்சிமுத்துவையும் குருநாதனையும் கூட்டிக்கிட்டுப் போறேன்."

"அதுக்குத்தான் பயப்படறேன்" என்றாள் தாரணி. பிறகு பொறுமையாகச் சொன்னாள். "டிசைன் சாஃப்ட்வேர் ஓடணும். பதினாறு ஜிபி ராம்னு கேளுங்க. கலரை உள்ளது உள்ளபடி காட்டணும். எடை கம்மியா இருக்கணும். கடைக்காரர் சொல்றதை மட்டும் நம்பாம, நீங்களும் சோதிச்சு வாங்குங்க."

கடைசியில் சொன்னதைச் செங்கோடன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

டவுன் கடையில் ரியாஸ் என்ற இளைஞர் அவர்களை உட்காரவைத்து, கேட்டது போலவே ஒரு லேப்டாப்பை எடுத்து வைத்தார். நாச்சிமுத்து மூடியைத் திறந்து, வரிசையாக இருந்த விசைகளைக் குனிந்து பார்த்தார்.

"பல்லைப் பாருங்கய்யா. ஒண்ணு பாக்கியில்லாம மொளைச்சிருக்குது. வயசான உருப்படி."

"புத்தம் புதுசுங்க" என்றார் ரியாஸ்.

"சந்தையில எவன் உள்ள வயசைச் சொல்லி வித்தான்? பல்லு போடாததாக் காட்டு தம்பி."

ரியாஸ் கொஞ்சம் யோசித்து, விசைப்பலகையே இல்லாத ஒரு டேப்லெட்டைக் கொண்டுவந்தார். மூவரும் உருகிப்போனார்கள். "கன்னு!" என்று குருநாதன் அதன் முதுகைத் தடவிக் கொடுத்தார். செங்கோடன்தான் தலையசைத்தார்.

"இது வளந்து வேலைக்குப் பழகறதுக்குள்ள புள்ளைக்குப் படிப்பே முடிஞ்சிரும்."

நியாயம்தான் என்று பழையபடி லேப்டாப்புக்கே வந்தார்கள். குருநாதன் மடியிலிருந்து ஒரு கத்திரிக்காயை எடுத்துத் திரைக்கு முன்னால் நீட்டினார்.

"உள்ளது உள்ளபடி காட்டும்னாங்க. கத்திரிக்காயைக் காணோமே?"

ரியாஸ் கேமராவைப் போட்டுவிட்டார். கத்திரிக்காய் அச்சாக அதே ஊதாவில் வந்தது. அதற்குப் பின்னால் மூன்று முகங்களும் வந்தன.

"நாம இப்படியா இருக்கறோம்?" என்றார் நாச்சிமுத்து.

"உள்ளது உள்ளபடின்னு புள்ள சொல்லுச்சு. தாங்கித்தான் ஆகணும்" என்றார் செங்கோடன்.

அடுத்தது விலை. செங்கோடன் தன் துண்டை ரியாஸின் கைமேல் போட்டு, அடியில் அவர் விரல்களைப் பிடித்து அழுத்தினார். சந்தையில் அப்படித்தான் பேரம். என்ன தொகை என்று வெளியே யாருக்கும் தெரியாது. ரியாஸுக்கும் தெரியவில்லை. "விலை மேலயே ஒட்டியிருக்குதுங்க" என்று கையை உருவிக்கொண்டார். "கைய உருவிட்டான்னா இனி எறங்க மாட்டான்" என்று நாச்சிமுத்து தீர்ப்புச் சொல்ல, ஒட்டியிருந்த விலையையே கொடுத்து, பேரம் படிந்த திருப்தியில் எழுந்தார்கள்.

லேப்டாப் வந்த பெட்டிக்குள் கறுப்பாக ஒரு கயிறு சுருண்டு கிடந்தது. சந்தை முறைப்படி, மாட்டை விற்றவன் தலைக்கயிற்றை மாட்டோடு சேர்த்துக் கொடுப்பதில்லை. வாங்கியவன்தான் புதுக்கயிறு கொண்டுபோக வேண்டும். செங்கோடன் முறை தவறாதவர். ரியாஸ் பில் போடும்போது கறுப்புக் கயிற்றை எடுத்து மேஜைமேல் மரியாதையாக வைத்தார். இடுப்பில் செருகியிருந்த புதுக்கயிற்றால் லேப்டாப்பைக் குறுக்கும் நெடுக்கும் கட்டினார்.

பஸ் கிளம்பும்போது ரியாஸ் அந்தக் கறுப்புக் கயிற்றோடு ஓடிவந்தார். "பெரியவரே, நில்லுங்க! நில்லுங்க!"

"கம்மி விலைக்கு வித்துட்டோம்னு இப்பத்தான் ஒறைச்சிருக்குது. திருப்பிக் கேக்க வர்றான்" என்றார் நாச்சிமுத்து.

"கண்டக்டர், விசில் அடிங்க!" என்று கத்தினார் செங்கோடன்.

சாயங்காலம் தாரணி திறந்து பார்த்தாள். கேட்டதெல்லாம் சரியாக இருந்தது. அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்துச் செங்கோடனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பொழுது சாயத் திரை அணைந்துவிட்டது.

"சார்ஜர் எங்கப்பா?"

அவர் முறையைப் பெருமையாக விளக்கினார். தாரணி புதுக்கயிற்றைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "இதுவும் பிடிக்க நல்லாத்தான் இருக்குதப்பா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூவரும் லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"புது இடம். சோர்ந்துதான் கிடக்கும்" என்றார் குருநாதன். செங்கோடன் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்போது வாசலில் பைக் வந்து நின்றது. பில்லில் இருந்த விலாசத்தைப் பிடித்து, தோளில் கறுப்புக் கயிற்றோடு ரியாஸ் வந்திருந்தார். உள்ளே வந்து ஒரு முனையைச் சுவரிலும் மறுமுனையை லேப்டாப்பிலும் செருகினார். திரை வெளிச்சமாக விழித்தது. தாரணி கும்பிட்டு நன்றி சொன்னாள்.

"பாத்தியா?" என்றார் நாச்சிமுத்து. "பழைய முதலாளியைப் பாத்ததும் எந்திரிச்சிருச்சு."

ரியாஸ் கிளம்பியதும் செங்கோடன் பதறி வாசலுக்கு ஓடி ரியாஸின் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நீங்க போயிட்டா அது மறுபடியும் படுத்துக்கும். புள்ளைக்கு நாளைக்குக் காலேஜ். அது எங்ககிட்டப் பழகற வரைக்கும் இங்கேயே இருங்க."

"அதான் சார்ஜர் குடுத்துட்டேனுங்களே!"

"கயிறு உங்களுது, நீங்களே வச்சுக்குங்க. நீங்க மட்டும் நாளைக்கு அது கூடக் காலேஜுக்குப் போயிட்டு வாங்க."

ரியாஸ் கையை உருவிக்கொண்டு திரும்பினார். குருநாதன் அதற்குள் அந்தப் புதுக்கயிற்றால் அவர் பைக்கை வேப்பமரத்தில் கட்டி, முன்னால் ஒரு கட்டு வைக்கோலும் போட்டிருந்தார்.