பொக்கிஷ அதிகாரி வாங்கிய தண்டம்

எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் கொன்றைநாட்டை அழகேசபூபதி என்று ஒரு ராஜா ஆண்டார். நல்லவர்தான். காலையில் கண் விழிக்கும்போது என்ன தோன்றுகிறதோ, அன்றைக்கு அதுவே சட்டம். அப்படி ஒரு நாள் அவருக்கு 'ஆனால்' என்ற சொல்லே பிடிக்காமல் போயிற்று.

"இன்றைக்கு அவையில் எவன் அதைச் சொல்கிறானோ, அவனுக்கு ஒரு பொன் தண்டம்" என்று அறிவித்துவிட்டார்.

அந்த அவையில்தான் பந்தல்காரி உலகாயி வந்து நின்றாள். போன திருவிழாவில் ராஜா அவள் போட்ட பந்தலைப் பார்த்து, "இவள் கணக்கு நம் பொக்கிஷத்தில் யாருக்காவது வருமா?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து பொக்கிஷ அதிகாரி பொன்னுரங்கருக்கு அவளைக் கண்டாலே ஆகாது. இந்த வருஷம் அவளுக்கு வரியைக் கூட்டிப் போட்டுவிட்டார். கட்டாவிட்டால் மூங்கிலும் வண்டியும் ஜப்தி. அப்புறம் அவள் எதை வைத்துப் பிழைப்பது?

"மகாராஜா, ஒரு கல்யாணத்துக்குப் பந்தல் போட ஒரு நாள் பிந்திப்போச்சு. ஆத்துல வெள்ளம், மூங்கில் அக்கரையில நின்னுடுச்சு. ஒப்பந்தப்படி கல்யாண வீட்டுக்கு அறுபது பொன் தண்டம் கொடுத்தேன். தொழில்ல போன காசு. அதை லாபத்துல கழிக்காமலே வரி போட்டிருக்காரு."

எந்த வீடு என்று அவள் சொல்லவில்லை. பொன்னுரங்கருக்கு அது வசதியாகப் போயிற்று.

"தண்டம் என்று அவளே சொல்கிறாள், அரசே. தண்டம் கட்டுபவன் குற்றவாளி. குற்றத்துக்குப் போன காசைச் செலவு என்று கழித்தால், நாளைக்குத் திருடனும் வருவான், கசையடிக்குத் தைலம் வாங்கிய செலவோடு."

அவை சிரித்தது. உலகாயி சிரிக்கவில்லை.

"அது தண்டமேதானா? உறுதியாச் சொல்றீங்களா, ஐயா?"

"கல்வெட்டில் வெட்டித் தரட்டுமா?"

"மகாராஜா, இந்த நாட்டுல தண்டம் வாங்குற உரிமை யாருக்கு?"

"எனக்கு. எனக்கு மட்டும்."

"வேற யாராவது வாங்கினா?"

"என் சிம்மாசனத்தில் ஏறி உட்கார்ந்த மாதிரி. தலை மிஞ்சாது."

"நான் கொடுத்த அறுபது பொன் உங்க கஜானாவுக்கு வரலை. பிந்தினது இவரு மக கல்யாணப் பந்தல். வாங்கினவரு இவருதான்."

ராஜா மெல்லத் திரும்பினார். "பொன்னுரங்கரே, நீர் எப்போதிலிருந்து ராஜா?"

பொன்னுரங்கரின் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. "அரசே, அது தண்டமே இல்லை. பேச்சுவாக்கில் சொல்வது. பந்தல் இல்லாமல் சம்பந்தி வீட்டாரை வெயிலில் உட்காரவைத்தேன். அந்த நஷ்டத்துக்கு இவள் கொடுத்த ஈடு."

"நான் எந்தச் சட்டத்தை மீறினேன், ஐயா?"

"எதையும் மீறவில்லை."

"அந்த ஈட்டைக் கொடுக்காம இருந்திருந்தா?"

"அடுத்த கல்யாணத்துக்கு உன்னை எவன் கூப்பிடுவான்?"

"அப்போ அது தொழில் செலவு. கழிங்க."

ராஜா தொடையில் தட்டிச் சிரித்தார். "கழித்துவிடும், பொன்னுரங்கரே. உலகாயி, இனி அரண்மனைப் பந்தல் எல்லாம் உன்னுடையது. பிந்தினால்?"

"ஈடு தர்றேன், மகாராஜா. தண்டம்னு எழுதினா கையெழுத்துப் போட மாட்டேன்."

பொன்னுரங்கருக்குப் பொறுக்கவில்லை. "கழிக்கிறேன், அரசே. ஆனால்..."

ராஜா உள்ளங்கையை நீட்டினார். பொன்னுரங்கர் மடியை அவிழ்த்து ஒரு பொன்னை எடுத்து வைத்தார்.

வாசல்வரை போன உலகாயி திரும்பிப் பார்த்தாள்.

"இதுதாங்க ஐயா தண்டம். இதை உங்க வரிக் கணக்குல கழிச்சுடாதீங்க."