பதினோரு தடவை ஒட்டாத புரதம்

குருவைவிடச் சீடருக்குப் பன்னிரண்டு வயது கூடுதல். அதனால் குரு சீடரை ‘சார்’ என்பார், சீடர் குருவை ‘மேடம்’ என்பார். பல்கலைக்கழகத்தில் இதெல்லாம் சகஜம்.

சீடர் தணிகைவேல், இருபது வருடம் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்திவிட்டு நாற்பத்தெட்டாம் வயதில் ஆராய்ச்சிக்கு வந்தவர். குரு, பேராசிரியர் ஜெபமலர். அதிகம் பேசமாட்டார்.

உடம்புக்குள் எந்தப் புரதம் எதோடு ஒட்டும் என்று முன்கூட்டியே சொல்ல, தணிகைவேல் ஒரு புரோகிராம் எழுதியிருந்தார். மரபணுவைப் படித்தால் எந்தப் புரதத்தையும் இருபதே ஆங்கில எழுத்துகளை மாற்றி மாற்றிப் போட்டு எழுதிவிடலாம். அப்படி இரண்டு புரதங்களை இரண்டு கட்டங்களில் போட்டால், ஒட்டுமா ஒட்டாதா என்று அது சொல்லிவிடும். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு சரி! மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை.

அன்று மதியம் ஒரு அறிக்கையோடு வந்தார்.

“கையெழுத்து வேணும் மேடம். மூணு மணிக்குக் கமிட்டி.”

ஜெபமலர் படித்தார். சோதனைக்கூடத்தில் இருக்கும் செண்பகவல்லி செய்முறையில் போதிய கவனம் காட்டவில்லை, அவருடைய வேலையை நீட்டிக்கத் தேவையில்லை என்று எழுதியிருந்தது.

“என்ன ஆச்சு சார்?”

“ஒரு ஜோடி ஒட்டும்னு புரோகிராம் சொல்லுது. தொண்ணூத்தேழு சதவீதம். அந்தப் பொண்ணு எட்டு மாசமா பதினோரு தடவை செஞ்சு பார்த்துட்டு, ஒட்டலை ஒட்டலைங்கறா. யாரை நம்புறது, நீங்களே சொல்லுங்க.”

“அந்த ஜோடியைக் காட்டுங்க.”

லேப்டாப்பைத் திறந்து காட்டினார். ஒட்டும், 97.

“ரெண்டாவது கட்டத்துல இருக்கிறதை அழிங்க.”

“அழிச்சிட்டு?”

“உங்க பேரை இங்கிலீஷ்ல அடிங்க.”

இதென்ன விளையாட்டு என்று தணிகைவேலுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் அவர் பெயரின் எழுத்துகளெல்லாம் அந்த இருபதுக்குள்தான் இருந்தன. ஒரு புரதத்தின் நீளம் வரட்டும் என்று இருபது தடவை அடித்து, பட்டனைத் தட்டினார்.

ஒட்டும், 97.

சிரிப்பு பாதியில் நின்றது. பெயரைத் தலைகீழாக அடித்தார். 97. ஒரே எழுத்தை இருநூறு தடவை அடித்தார். அதற்கும் 97.

“முதல் கட்டத்துல இருக்கிற புரதம், நீங்க இதுக்குக் கத்துக்கொடுத்த பட்டியல்ல எத்தனை தடவை வருது?”

தேடினார். “நானூறு சொச்சம் மேடம். எல்லாத்துலயும் ஒட்டும்னுதான் இருக்கு.”

தணிகைவேலுக்கே புரிந்துவிட்டது. முதல் ஆளைப் பார்த்ததுமே புரோகிராம் தலையாட்டியிருக்கிறது. இரண்டாவது ஆள் யார் என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

தணிகைவேலுக்குக் காது மடல் சுட்டது. போன மாதம் கருத்தரங்கில், அத்தனை பேருக்கு முன்னால், “கை நடுங்கறவங்களுக்கு லேப் எதுக்கும்மா?” என்று கேட்டிருந்தார். ஹாலே சிரித்தது. முதலில் சிரித்தவர் அவர்தான். செண்பகவல்லி கண் கலங்க நின்று, “ஒரு தடவை வந்து பாருங்க சார்” என்று மட்டும் சொன்னாள். பார்க்கலாம் பார்க்கலாம் என்று கையை வீசிவிட்டு டீ குடிக்கப் போனார். சே, என்ன பேச்சு பேசினோம்! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

“நீங்க கீழே லேப்புக்குப் போய்ப் பார்த்தீங்களா சார்?”

“இல்லை மேடம்.”

“இந்த எட்டு மாசத்துல?”

“இல்லை.”

“அந்த லேப்புக்குள்ள நம்ம செருப்போட போகக்கூடாது. கழட்டிட்டு அவங்க வச்சிருக்கிறதை மாட்டிக்கணும். செருப்பு ஸ்டாண்ட் எந்தப் பக்கம் இருக்கு?”

அவருக்குத் தெரியவில்லை. இருபது வருடம் மாணவர்களைக் கேள்வி கேட்டே பழகியவர், தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

ஜெபமலர் பேனாவை மூடி வைத்தார். தணிகைவேல் அறிக்கையை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். அவமானத்தில் எங்கே பார்ப்பதென்று தெரியாமல், மறுபடி லேப்டாப்பையே பார்த்தார். அங்கேயும் அவர் பெயர்தான் வரிசையாக நின்றது.

“இதைச் சரி பண்ணிடலாம் மேடம்” என்றார் அவசரமாக. “பட்டியலை மாத்தணும். ரெண்டாவது கட்டத்தையும் கவனிக்க வைக்கணும். அதுக்கு எங்கேர்ந்து ஆரம்பிக்கிறதுன்னுதான்…”

ஜெபமலர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டே கால்.

“செண்பகவல்லி கீழே, லேப் குளிர் அறையிலதான் இருக்காங்க, சார்.”