ஆள்காட்டியும் பள்ளிக்கூடக் கூரையும்

செம்பாறைக் காட்டில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. முயல்குட்டி, மான்குட்டி, கீரிக்குட்டி, காடைக்குஞ்சு எல்லாம் ஒன்றாக உட்கார்ந்து படிக்கும் பள்ளிக்கூடம். ஆமைதான் வாத்தியார். அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கூரையும் உண்டு. ஆனால் மழைக்காலத்தில் மட்டும் இருக்காது.

ஒவ்வொரு புரட்டாசியிலும் புதுக்கூரை போடுவார்கள். ஐப்பசியில் முதல் மழை விழும். அதோடு கூரையும் விழும். போன வருஷம் அது முயல்குட்டியின் காலில் விழுந்தது. முயல்குட்டி இன்னமும் நொண்டி நொண்டித்தான் பள்ளிக்கூடம் வருகிறது.

வருஷா வருஷம் கூரை போடும் ஒப்பந்தம் முள்ளம்பன்றி சடையனுக்கே போனது. இத்தனைக்கும் அதைக் கொடுக்க ஒரு முறை இருந்தது. நல்ல முறைதான். வேலை இருக்கிறது என்று தவளை மூன்று தடவை சத்தமாக அறிவிக்க வேண்டும். வேலை கேட்பவர்கள் தாங்கள் வேயும் கூரையில் ஒரு துண்டைத் தேக்கிலையில் பொதிந்து, மேலே தங்கள் அடையாளத்தைக் கீறி, கொடியால் கட்டி, பள்ளிக்கூடத்து மருதமரப் பொந்தில் போட வேண்டும். மூன்று பொட்டலமாவது சேர வேண்டும். எல்லோர் முன்னாலும் பிரித்துப் பார்த்து, உறுதியான துண்டு யாருடையதோ அவருக்கு வேலை. பிரித்த பொட்டலங்களை அதே கொடியால் திரும்பக் கட்டிப் பொந்திலேயே வைத்துவிடுவார்கள்.

ஒவ்வொரு வருஷமும் சரியாக மூன்று பொட்டலம்தான் விழும். உடும்பின் பொட்டலத்தில் மக்கிப்போன புல் இருக்கும். மலையணிலின் பொட்டலத்தில் ஓட்டை ஓலை இருக்கும். ஆனால் பிரிக்கும் நாளில் அந்த இரண்டு பேரும் அந்தப் பக்கம் தலைகாட்டியதே இல்லை. சடையனின் பொட்டலத்தில் மட்டும் அருமையான துண்டு இருக்கும். அந்தத் துண்டைப் போலவே கூரை முழுவதையும் வேய்ந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை.

பள்ளிக்குழுவின் தலைவர் கடமான். நேர்மையானவர்தான். ஆனால் கொம்பை நிமிர்த்தியபடியே நடப்பார். காலடியில் என்ன கிடக்கிறது என்று குனிந்து பார்க்கும் வழக்கம் அவருக்கு இல்லை. ஆகவே எல்லாக் காரியத்தையும் காரியதரிசி கருமந்திதான் பார்த்துக்கொண்டது. கருமந்தியின் மரத்தடியில் மாதம் தவறாமல் வள்ளிக்கிழங்கு குவிந்தது. மண்ணைத் தோண்டிக் கிழங்கு எடுப்பதில் அந்தக் காட்டில் யார் கெட்டிக்காரர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முயல்குட்டியின் காலில் கூரை விழுந்ததற்கு மறு வருஷம் அஞ்சலையின் மகள் தவமணி பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். அஞ்சலை ஓர் ஆள்காட்டிக் குருவி. தரையிலேயே நடப்பவள், தரையிலேயே முட்டையிடுபவள். மரக்கிளையைப் பற்றிக்கொண்டு உட்கார அவள் காலுக்கு வராது. புலி வந்தாலும் கத்துவாள், பூனை வந்தாலும் கத்துவாள். அவளால் தூக்கம் கெட்டவர்கள் அந்தக் காட்டில் பலர். அவள் கத்தியதால் உயிர் பிழைத்தவர்கள் அதைவிடப் பலர். ஆனால் நன்றி சொல்ல யாரும் வந்ததில்லை.

முதல் நாள் தவமணியைக் கூட்டிப்போனபோது, முயல்குட்டிக்குக் கால் போன அதே இடத்தில் வாத்தியார் அவளை உட்கார வைத்தார். வேறு இடம் இல்லை. அஞ்சலை அண்ணாந்து பார்த்தாள். மேலே வெறும் மூங்கில் கழிகள். இன்னும் ஒரு மாதத்தில் மழை. 

நேராகத் தூக்கணாங்குருவி வேலப்பனிடம் போனாள். புயலுக்கும் அசையாத கூடு கட்டுகிற நீங்கள் ஏன் இந்த வேலையைக் கேட்பதில்லை என்று விசாரித்தாள்.

"அறிவிச்சாத்தானக்கா கேக்க முடியும்? ஒரு வருசம்கூட எங்க காதுல விழுந்ததில்ல" என்றான் வேலப்பன்.

அங்கிருந்து தவளையிடம் போனாள். தவளைக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் என் வேலையில குறை வைக்கிறவன் இல்ல. மூணு தடவ சொன்னேன். நாலு நாளைக்கு முந்தி, பேரருவிக்கு நேர் கீழ நின்னு."

"அருவிக்குக் கீழயா?"

"காரியதரிசி காட்டின இடம் அதுதான். எனக்கே என் குரல் கேக்கல. சடையன் மட்டும் பக்கத்துல வந்து காதைக் கொடுத்துக்கிட்டு நின்னான்."

வழக்கமான அஞ்சலையாக இருந்தால் அந்த நிமிஷமே காட்டைக் கூட்டியிருப்பாள். அன்று அவள் கத்தவில்லை. வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். அது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று ஆள்காட்டியை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

மறுநாள் மருதமரத்தடிக்குப் போய், போன வருஷத்துப் பொட்டலங்களைப் பார்க்க வேண்டும் என்று கருமந்தியிடம் கேட்டாள். பொந்தில் விழுந்தது எதுவும் யாருக்கும் மறைவில்லை என்பது குழு போட்ட விதி. கருமந்தி நாளைக்கு வா என்றது. நாளைக்குப் போனால், தலைவர் ஊரில் இல்லை என்றது. அடுத்த நாள், பொந்தில் குளவி கூடு கட்டியிருக்கிறது என்றது. அஞ்சலை திட்டவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. பள்ளிக்கூடம் விடும்வரை ஒற்றைக்காலில் நின்றாள். இப்படி ஒன்பது நாள்.

இடையில் ஒரு நாள் தவமணி அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். "அம்மா, இனிமே பள்ளிக்கூடத்துப் பக்கம் வராத. எல்லாரும் என்னை ஊரைக் கூட்டுறவ மகள்னு கேலி பண்றாங்க."

அஞ்சலைக்கு வலித்தது. இருந்தாலும் மறுநாள் காலை அதே இடத்தில் போய் நின்றாள். மகள் அழுவதை அவள் தாங்கிக்கொள்வாள். மகள் தலையில் கூரை விழுவதை அவளால் தாங்க முடியாது.

பத்தாம் நாள் கருமந்தி பல்லைக் காட்டிச் சிரித்தது. "தாராளமா பாருங்கம்மா. யார் வேணாம்னா? மேல ஏறி வந்து பாருங்க." கிளையில் உட்கார அவளால் முடியாது என்று தெரிந்தே சொன்னது.

அஞ்சலை வேலப்பனைக் கூப்பிட்டாள். அவன் பொந்துக்குள் நுழைந்து, ஒவ்வொரு பொட்டலமாகக் கொடியோடு கவ்விக் கீழே கொண்டுவந்து வைத்தான். பொட்டலம் கீழே போகக் கூடாது என்று கருமந்தி குதித்தது.

"கீழ கொண்டுபோகக் கூடாதுன்னு விதியில எங்க இருக்கு?" என்று அஞ்சலை அமைதியாகக் கேட்டாள். "அருவிக்கடியில சொல்லக் கூடாதுன்னும் விதியில இல்லதானே? அதே மாதிரிதான் இதுவும்."

கருமந்தி மேல்கிளைக்குத் தாவிவிட்டது.

அஞ்சலை முதலில் இலைகளைப் பார்த்தாள். மூன்று இலை, மூன்று அடையாளம். தப்பு சொல்ல ஒன்றும் இல்லை. கடைசியில் கட்டியிருந்த கொடிகளைப் பார்த்தாள். மூன்றும் பல்லால் கடித்து எடுத்தவை. கடித்த இடத்தில் நடுவே ஒரு சின்ன மேடு. முன்பல் உடைந்த ஒருவர் கடித்தால்தான் அப்படி வரும். நார் விஷயத்தில் வேலப்பனை ஏமாற்ற முடியாது. அவன் முதல் கொடியின் வாலை இரண்டாவதின் தலையோடு வைத்தான். பொருந்தியது. இரண்டாவதின் வாலை மூன்றாவதோடு வைத்தான். அதுவும் பொருந்தியது.

"மூணும் ஒரே கொடிக்கா" என்றான் மெதுவாக.

இப்போதாவது கத்த வேண்டியதுதானே என்று நீங்கள் நினைப்பீர்கள். வேலப்பனும் அதைத்தான் கேட்டான். பழைய கொடியைக் காட்டினால் யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள் என்று சொல்லிச் சடையன் தப்பித்துவிடுவான், பொட்டலம் பிரிக்கும் நாள்வரை பொறுப்போம் என்றாள் அஞ்சலை.

அந்த நாள் வந்தது. காட்டுக் குடும்பங்கள் எல்லாம் பள்ளிக்கூட வாசலில் கூடின. கருமந்தி பொந்திலிருந்து மூன்று பொட்டலங்களை எடுத்து வந்து வைத்தது. சடையன் முள்ளைச் சிலுப்பிக்கொண்டு மாப்பிள்ளை போல நின்றான். கடமான் முதல் கட்டை அவிழ்க்கக் குளம்பைத் தூக்கினார்.

அப்போது கத்தினாள் அஞ்சலை. பத்து நாளுக்கும் மேலாக அடக்கி வைத்த கத்தல் அது. மரத்தில் இருந்த காக்கைகள் எல்லாம் எழும்பிப் பறந்தன.

"தலைவரே, அவிழ்க்காதீங்க! அந்தக் கொடியை யாரும் தொடாதீங்க!"

கடமான் திகைத்து நின்றார். அஞ்சலை நடுவில் வந்து, அருவிக்கடியில் நடந்த அறிவிப்பைச் சொன்னாள். தவளை எழுந்து ஆமாம் என்றது. போன வருஷத்துக் கொடிகளை வரிசையாக வைத்துக் காட்டினாள். பிறகு, இந்த வருஷத்துக் கட்டுகளைத் தலைவரே கழற்றி அதே மாதிரி வைத்துப் பார்க்கட்டும் என்றாள்.

கடமான் கழற்றினார். தரையில் வைத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கொம்பைத் தாழ்த்திக் குனிந்து பார்த்தார். மூன்று கொடியும் ஒன்றாகச் சேர்ந்தன. ஒவ்வொரு முனையிலும் அதே சின்ன மேடு.

பக்கத்துப் பாறையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த உடும்பைப் பார்த்து, இது உன் பொட்டலமா என்று கேட்டார்கள். உடும்பு கண்ணைக்கூட முழுசாகத் திறக்கவில்லை. "நானா? நான் இருக்கிறதே பாறை இடுக்கு. எனக்குக் கூரைன்னா என்னன்னே தெரியாது." மலையணிலும் தனக்கு ஒன்றும் தெரியாது என்று சத்தியம் செய்தது.

சடையன் விடவில்லை. காட்டில் கொடிக்கா பஞ்சம், எல்லோரும் ஒரே புதரில் வெட்டியிருப்பார்கள் என்று வாதாடினான்.

அஞ்சலை ஒரு பச்சைக்கொடியை இழுத்து வந்து அவன் முன்னால் போட்டாள். "அப்படின்னா இதை எல்லார் முன்னாடியும் ஒரு கடி கடிச்சுக் காட்டுங்கண்ணே."

சடையன் வாயை இறுக மூடிக்கொண்டான். முள் மட்டும் சலசலவென்று ஆடியது. கூட்டம் காத்திருந்தது. நொண்டும் முயல்குட்டி முன்னால் வந்து அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது. அவன் வாயைத் திறக்கவே இல்லை. அதற்குமேல் யாருக்கும் சாட்சி தேவைப்படவில்லை.

கடமான் சொன்னார்: "இத்தனை வருசம் நான் ஒரு தடவை குனிஞ்சிருந்தா போதும். இந்தப் புள்ளைக்குக் கால் போயிருக்காது."

கருமந்தியின் பதவி அன்றே போனது. சடையன் பள்ளிக்கூடத்தைச் சுற்றி மழைநீர் ஓடும் வாய்க்கால் தோண்ட வேண்டும் என்று தீர்ப்பானது. தோண்டுவதில் அவன் கெட்டிக்காரன்தானே, தோண்டட்டும். அறிவிப்பு மறுபடியும் நடந்தது. இந்த முறை தவளை நின்றது எல்லோரும் தண்ணீர் குடிக்க வரும் குளக்கரையில். ஏழு பொட்டலங்கள் வந்தன. தூக்கணாங்குருவிகள் வென்றன.

உனக்கு என்ன வேண்டும், பள்ளிக்கூடத்துக்கு உன் பெயரை வைக்கலாமா என்று அஞ்சலையைக் கேட்டார்கள். பெயரெல்லாம் வேண்டாம், பொட்டலங்களை இனிமேல் மரப்பொந்தில் போடாமல் தரையில் வையுங்கள், என்னைப் போன்றவர்களும் பார்க்கட்டும் என்றாள்.

ஐப்பசி வந்தது. மூன்று நாள் விடாத மழை. கூரையிலிருந்து ஒரு சொட்டு உள்ளே விழவில்லை. அந்த மழையில்தான் வாத்தியார், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் எழுந்து பெயரும் தாய் பெயரும் சொல்ல வேண்டும் என்றார். தவமணியின் முறை வந்தது. வகுப்பே அவளைப் பார்த்தது. அவள் கழுத்தை நிமிர்த்தி நின்றாள்.

"என் பேரு தவமணி. நான் ஊரைக் கூட்டுறவ மக!"

யாரும் சிரிக்கவில்லை. முயல்குட்டிதான் முதலில் காலால் தரையைத் தட்டியது. பிறகு எல்லாப் பிள்ளைகளும் தட்டினார்கள்.

வெளியே மழையில் நின்றிருந்த அஞ்சலைக்கு எல்லாம் கேட்டது. புலி வரவில்லை, பூனையும் வரவில்லை. இருந்தாலும் காடே கேட்கும்படி ஒரு தடவை கத்தினாள். அன்று அவளை யாரும் திட்டவில்லை. எனக்கும் அவளை நினைத்தால் இன்றைக்கும் பெருமையாக இருக்கிறது.

எல்லோருக்கும் பொதுவான வேலையை எல்லோர் காதுக்கும் கண்ணுக்கும் எட்டும்படிதான் கொடுக்க வேண்டும். எட்டாதபோது பொறுமையோடு ஆராய்ந்து, நேரம் பார்த்துக் குரல் கொடுப்பவரே ஊருக்கு உண்மையான கூரை.