பென்சீனின் ஜாடை

"மேடம், இந்த ரெண்டுல எதுதான் நிஜ பென்சீன்?"

குழந்தையைப் பார்க்க வந்த பேராசிரியர் அமுதவல்லி இன்னும் காபியில் வாய் வைக்கவில்லை. அதற்குள் குழந்தையின் அப்பா ஞானதிரவியம் தாளை நீட்டிவிட்டார். பெண்கள் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். வயதில் மூத்தவர் என்றாலும், ஆய்வுப் பட்டத்துக்கு அமுதவல்லியிடம்தான் மாணவர்.

தாளில் இரண்டு அறுகோணங்கள். ஆறு கார்பன்களுக்கிடையே ஒன்றுவிட்டு ஒன்று இரட்டைக் கோடு. இரண்டாவது படத்தில் அதே இரட்டைக் கோடுகள் ஓரிடம் தள்ளி. படங்களுக்கு நடுவே போக ஓர் அம்பு, வர ஓர் அம்பு.

"இது அதுவா மாறும், அது இதுவா மாறும், அவ்வளவு வேகம்னு வகுப்புல சொன்னேன். ஒரு பொண்ணு எந்திரிச்சு, 'மாறும்போது யாராச்சும் பிடிச்சிருக்காங்களா சார்?'னு கேட்டுட்டா."

"பிடிச்சிருக்காங்களா?"

"இல்ல மேடம். இரட்டைப் பிணைப்பு குட்டையா இருக்கணும்; அளந்தா ஆறு பிணைப்பும் ஒரே நீளம். படிச்சிருக்கேன், ஆனா புரியல. நாளைக்குப் பதில் சொல்றேன்னிருக்கேன். இல்லேன்னா பன்னெண்டாம் வகுப்பை வேற ஆள்கிட்ட குடுத்துருவேன். புரிஞ்ச மாதிரி நடிக்க என்னால இனி முடியாது."



உள்ளறையில் தொட்டிலைச் சுற்றி ஒரே ரகளை.

"மூக்கைப் பாரு, அப்படியே எங்க தம்பி!" இது திரவியத்தின் அக்கா.

"ஆமா, கண்ணை மட்டும் யார்கிட்ட வாங்குனாளாம்? அச்சு அசல் எங்க அக்கா." இது கொழுந்தியாள். விட்டுக்கொடுக்கிற ஆளா அவள்!

"காலையிலேருந்து இதே பாட்டுதான் மேடம்," என்று திரவியம் தலையில் கை வைத்தார்.

பேராசிரியர் எழுந்து போனார். தொட்டிலிலிருந்து குழந்தையை எடுத்து வந்து திரவியத்தின் மடியில் வைத்தார்.

"இப்ப மடியில இருக்கிறது உங்க அக்கா சொல்ற குழந்தையா, கொழுந்தியா சொல்ற குழந்தையா?"

"ரெண்டு பேர் சொல்றதும் இவளைத்தானே மேடம்."

"சரி. எவ்வளவு வேகமா மாறுறா?"

திரவியத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என்ன மேடம் நீங்க? இவ எதுக்கு மாறணும்? பொறந்ததுலேருந்து இவ இப்படியேதான்..."

அவர் பார்வை தாளுக்குப் போனது.

குழந்தை கொட்டாவி விட்டது. பேராசிரியர் ஆறிப்போன காபியைக் குடித்தார். திரவியம் பென்சிலைத் தேடி எடுத்து, போக ஒன்று வர ஒன்று என்றிருந்த இரண்டு அம்புகளையும் அடித்துவிட்டார்.

மறுநாள் வகுப்பில் அந்தப் பெண் எழுந்தாள்.

"சார், நிஜ பென்சீன் எது?"

"ஞாயித்துக்கிழமை எல்லாரும் எங்க வீட்டுக்கு வாங்கம்மா. வந்து பாப்பாவைப் பாத்துட்டு நீங்களே சொல்லுங்க."