சூளை மூடியின் மேல் ஒரு பாத்திரம்

"டீச்சர், திறந்துடலாமா?"

"எண்ணைப் பாருங்க சார்."

"இருநூத்து நாப்பது."

"அதுவே பதில் சொல்லிடுச்சே."

தங்கையா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மறுபடியும் நடக்க ஆரம்பித்தார்.

முன்பு கார் நின்ற கொட்டகை அது. காரை விற்ற பிறகு அந்த இடத்துக்கு மின்சாரச் சூளை வந்து உட்கார்ந்திருந்தது. வட்டமாக, இடுப்பு உயரத்தில், மேலே கனத்த மூடியோடு, பார்க்கிறவர்களுக்குத் தண்ணீர் டிரம் மாதிரி இருக்கும். பக்கவாட்டில் ஒரு சின்னத் திரை. உள்ளே எவ்வளவு சூடு என்பது அதில் சிவப்பு எண்ணாகத் தெரியும். அந்த எண் நூறுக்குக் கீழே இறங்கும் வரை மூடியைத் தொடக் கூடாது என்பது நிறைமதி டீச்சரின் சட்டம்.

சட்டத்தைத் தங்கையா ஒரு தடவை மீறியிருக்கிறார். கோத்தகிரி குளிர் உள்ளே புகுந்ததும் டிங் என்று ஒரு சத்தம். மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்த தட்டு, முகத்தில் முடி விழுந்தது மாதிரி ஒரு விரிசல் கோட்டோடு வெளியே வந்தது.

தங்கையா தேயிலைத் தொழிற்சாலையில் மேனேஜராக இருந்தவர். இலை எந்தப் பதத்தில் காய்கிறது என்பதை மூக்காலேயே சொல்லிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு மண் பித்துப் பிடித்துக்கொண்டது. நிறைமதியின் மண்பாண்ட வகுப்பில் போய்ச் சேர்ந்தார்.

நிறைமதிக்குத் தங்கையாவின் மகளைவிட வயது குறைவு. பேர் சொல்லிக் கூப்பிடுங்கள் சார் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டார். தங்கையா கேட்கவில்லை. கற்றுக்கொடுக்கிறவர் யாராக இருந்தாலும் டீச்சர்தான் என்றுவிட்டார். டீச்சர் உள்ளே வந்தால் எழுந்து நிற்பார். டீச்சரோ, இவர் உட்காராமல் தான் உட்காரமாட்டார். வகுப்பு தொடங்குவதற்குள் மற்றவர்கள் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடுவார்கள்.

டீச்சர் வாயால் பதில் சொல்வது குறைவு. மண் சாமானுக்குப் பூசுகிற கண்ணாடி மெருகை எவ்வளவு தண்ணியாகக் கரைக்க வேண்டும் என்று தங்கையா ஒரு நாள் கேட்டார். டீச்சர் அவருடைய விரலைப் பிடித்து வாளிக்குள் முக்கி எடுத்தார். பூச்சுக்குக் கீழே நகம் தெரிகிறதா என்று பார்த்தார். அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

அப்பேர்ப்பட்ட டீச்சரை இன்று காலையிலேயே வீட்டுக்கு வரவழைத்திருந்தார் தங்கையா.

காரணம், சூளைக்குள் இருந்த ஜாடி.

அது அவருடையது இல்லை. அவர் மனைவி ரத்தினபாயுடையது. நாசரேத்திலிருந்து கல்யாணத்தோடு வந்த ஊறுகாய் ஜாடி. ரத்தினபாயின் அம்மா எலுமிச்சை போட்ட ஜாடி. வெளிப்புறத்து மெருகெல்லாம் தேய்ந்து, பல் போன வாய் மாதிரி பொலிவில்லாமல் இருந்தது. சூளை வீட்டுக்கு வந்த அன்றே ரத்தினபாய் சொல்லியிருந்தார். எதை வேண்டுமானாலும் போட்டுச் சுட்டுக்கொள்ளுங்கள், என் ஜாடி பக்கம் மட்டும் போகாதீர்கள் என்று.

மகளைப் பார்க்க ரத்தினபாய் கோவைக்குப் போனார். பஸ் மலை இறங்குவதற்குள் தங்கையா ஜாடி பக்கம் போய்விட்டார்.

கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. புதுசு மாதிரி ஆக்கிக் கையில் கொடுத்தால் மனுஷி எப்படிச் சந்தோஷப்படுவாள் என்றுதான்.

யாரிடமும் கேட்காமல் மெருகு பூசிச் சுட்டார். இத்தனை வருஷத்து உப்பும் ஜாடிக்குள் ஊறிக் கிடக்கும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. சூடு ஏற ஏற உப்பு வெளியே வந்திருக்கிறது. திறந்து பார்த்தபோது, ஜாடி முழுக்க அம்மை போட்டது மாதிரி கொப்புளம்.

துண்டில் சுற்றி, காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது மாதிரி டீச்சரிடம் ஓடினார்.

டீச்சர் திட்டவில்லை. ஜாடியைத் தண்ணீரில் ஊறப்போட்டார். ஊறிய தண்ணீரைத் தங்கையாவின் நாக்கில் ஒரு சொட்டு விட்டார். கரித்தது. தண்ணீரை மாற்றினார். நாக்கில் கரிக்காமல் போகும் வரைக்கும் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். அப்புறம் நன்றாகக் காயவைத்து, கொப்புளங்களைத் தேய்த்து எடுத்தார்கள். மெருகேறிய சாமான் கண்ணாடி மாதிரி. மேலே பூசினால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அதனால் ஜாடியை முதலில் சூடாக்கி, அந்தச் சூடு ஆறுவதற்குள் புது மெருகைக் கெட்டியாகப் பூசினார்கள். பூச்சு பிடித்துக்கொண்டது.

இப்போது அது சூளைக்குள் ஆறிக்கொண்டிருக்கிறது. தங்கையாதான் ஆறவில்லை.

"இருநூத்து இருபது, டீச்சர்."

"ம்."

"லேசா, ஒரு விரக்கடை மட்டும் தூக்கிப் பாத்தா என்ன?"

டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே அவரைப் பார்த்தார்.

"அம்மாவுக்குத் தெரியுமா சார்?"

"தெரியாது. சாயங்காலம் வர்றா. அதுக்குள்ள திறந்து பாத்துட்டேன்னா ஒரு தெளிவு கிடைச்சுடும்."

"என்ன தெளிவு?"

"நல்லா வந்திருந்தா வாசல்லயே கையில குடுத்துடுவேன்."

"வரலைன்னா?"

தங்கையா சூளையைப் பார்த்தார். வெளியே பெய்துகொண்டிருந்த மழையைப் பார்த்தார். மறுபடி சூளையைப் பார்த்தார்.

"அதுக்கு ஒரு கதை யோசிக்கணும். யோசிக்க நேரம் வேணும்ல. அதனாலதான் இப்பவே திறக்கணும்ங்கறேன்."

டீச்சர் எழுந்தார். சமையலறைக்குள் போனார். பால் காயும் வாசனை வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, மூடிய பாத்திரம் ஒன்றைத் துணியில் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். சூளை மூடியின் மேல் இரண்டு செங்கல்லை வைத்தார். செங்கல்மேல் ஒரு பலகை. பலகைமேல் பாத்திரம். தங்கையாவின் கம்பளி மப்ளரை எடுத்து அதைச் சுற்றினார்.

"இது அசையக் கூடாது சார்."

தங்கையாவுக்குச் சொல்லவே வேண்டாம். மலையில் குடித்தனம் நடத்துகிற எல்லோருக்கும் தெரிந்ததுதான். குளிரில் தயிர் உறையாது. கம்பளி சுற்றி, அடுப்போரம் வைத்து, அந்தப் பக்கம் போகிறவர்களையெல்லாம் அதட்டி வைத்தால்தான் உறையும். அவர் வீட்டில் தயிர்ப் பாத்திரத்தை ஆட்டியவர்கள் ரத்தினபாயிடம் பேச்சு வாங்காமல் தப்பியதில்லை.

மூடியைத் தூக்கினால் பாத்திரம் கவிழும். பாத்திரத்தை இறக்கினால் தயிர் கெடும்.

"டீச்சர், இதை வேற எங்கயாவது வச்சிருக்கலாமே."

"இங்கதான் சூடு இருக்கு."

தங்கையா நடக்க ஆரம்பித்தார். எண் இறங்கியது. அவருக்குப் படபடப்பு இறங்கவில்லை. உப்பு இன்னும் மிச்சம் இருந்திருந்தால்? பூச்சு வழிந்து சூளைக்குள் இருக்கும் தட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தால்? கை தவறி விழுந்துவிட்டது என்று சொல்லலாமா? பூனை தள்ளிவிட்டது என்று சொல்லலாமா? வீட்டில் பூனை இல்லையே.

மத்தியானம் ஆகும் முன்பே வாசலில் ஜீப் வந்து நின்றது.

சாயங்கால பஸ்ஸில் வர வேண்டிய ரத்தினபாய், மேட்டுப்பாளையத்தில் கிடைத்த ஜீப்பில் ஏறி வந்திருந்தார். பையை வாசலிலேயே போட்டுவிட்டு நேராகக் கொட்டகைக்குள் வந்தார். டீச்சரைப் பார்த்துத் தலையசைத்தார். தங்கையாவின் முகத்தை உற்றுப் பார்த்தார். நெற்றியில் கைவைத்துப் பார்த்தார்.

"டாக்டர்ட்ட போனீங்களா?"

எந்த டாக்டர் என்று தங்கையாவுக்குப் புரியவில்லை. அவருக்கு அந்த நேரம் ஒன்றுதான் மனதில் ஓடியது. உள்ளே எட்டிப் பார்த்திருந்தால் எதைச் சொல்வது என்று தெரிந்திருக்கும். இப்போது ஒன்றும் தெரியாது. மூடியின் மேல் பாத்திரம் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. டீச்சர் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரத்தினம்."

"சொல்லுங்க. எதுன்னாலும் சொல்லுங்க."

"உன் ஜாடி உள்ள இருக்கு."

ஒரு வார்த்தை வந்த பிறகு மற்றதெல்லாம் வரிசையாக வந்தது. பஸ் போனதும் எடுத்தது, கேட்காமல் சுட்டது, கொப்புளம் போட்டது, டீச்சரிடம் ஓடியது, மறுபடி பூசியது. எப்படி வந்திருக்கிறது என்று எனக்கே தெரியாது, உடைந்திருந்தாலும் உடைந்திருக்கும் என்று வரை சொல்லி முடித்தார்.

ரத்தினபாய் பக்கத்தில் இருந்த மண் மூட்டையின் மேல் அப்படியே உட்கார்ந்தார்.

"ஜாடிதானா?"

தங்கையா தலையாட்டினார்.

"ஜாடிதானா, ஏங்க?" என்று மறுபடி கேட்டார். கேட்டுவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தார். போனில் இவர் குரல் ஒரு வாரமாகச் சரியில்லையாம். என்ன கேட்டாலும் மழையைப் பற்றிப் பேசினாராம். வீடியோவில் வரச் சொன்னால் சிக்னல் இல்லை என்றாராம். மனுஷருக்கு நெஞ்சுவலி வந்திருக்கிறது, மறைக்கிறார் என்று அம்மாவும் மகளும் முடிவே கட்டிவிட்டார்களாம். விடிந்தும் விடியாமலும் கிளம்பி, ஜீப் ஏறும் ஒவ்வொரு வளைவிலும் ஜெபம் பண்ணிக்கொண்டே வந்தாராம்.

தங்கையா மூட்டையின் மறுமுனையில் உட்கார்ந்தார்.

ரத்தினபாய் சட்டென்று நிமிர்ந்தார்.

"உள்ள இருந்த ஊறுகா எங்க?"

"டப்பால."

"என்ன டப்பா?"

"கடலை மாவு டப்பா."

"பிளாஸ்டிக்லயா வச்சீங்க?"

அதற்குப் பிறகு ரத்தினபாய் பேசியது நீளமானது. ஜாடிக்குச் சேர வேண்டியதையும் சேர்த்து அந்த டப்பாவுக்கே கொடுத்தார். மேனேஜர் வேலை, காரை விற்றது, மண், சூளை, எல்லாம் அதில் வந்துபோயின. டீச்சர் அங்கே இருந்த அலமாரியில் ஒவ்வொரு கிண்ணமாக எடுத்து அதன் அடிப்பாகத்தை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கையா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த எதுவோ எழுந்து போயிருந்தது. மனைவியின் திட்டு, பனி விலகி முதுகில் விழுகிற வெயில் மாதிரி இதமாக இருந்தது.

திட்டு ஓய்ந்தபோது டீச்சர் திரையைப் பார்த்தார்.

"எண்பது. இப்பத் திறக்கலாம் சார்."

தங்கையா எழுந்திருக்கவில்லை.

"அது கிடக்கட்டும் டீச்சர். இவ காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டா."

டீச்சர் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். சிரித்தாரோ என்னவோ, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ரத்தினபாய்க்குப் பொறுக்கவில்லை. என் ஜாடியை நான் பார்க்க வேண்டாமா என்று எழுந்து சூளையிடம் போனார். மப்ளர் சுற்றிய பாத்திரத்தைப் பிடித்துத் தூக்கினார்.

"மெதுவா, மெதுவா. தயிர் கலைஞ்சுடப் போகுது" என்றார் தங்கையா.

ரத்தினபாய் மூடியை விலக்கிச் சாய்த்துப் பார்த்தார். உள்ளே தளும்பியது. ஒரு சொட்டை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார்.

"இது வெறும் பாலாச்சே. உறை ஊத்தவே இல்லியே டீச்சர்?"

"இல்லம்மா. டீக்குத்தான் வச்சேன்" என்றார் நிறைமதி. "மூணு பேருக்குப் போதும்."