சாமி அறையில் ஒரு கம்ப்யூட்டர்

குருவுக்கு வயது இருபத்தாறு. சீடருக்கு ஐம்பதுக்கு மேல். குரு ஜெசிந்தா, திண்டுக்கல்லில் ஒரு கடை மாடியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கக் கற்றுக்கொடுக்கிறார். தணிகாசலம் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு அவரிடம் படிக்க வந்தவர்.

அன்று தணிகாசலம் தன் வீட்டுக் கம்ப்யூட்டரையே சுமந்துகொண்டு வந்தார். கூடவே மனைவி அமுதவல்லி. தொண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அமுதவல்லிக்குப் பேச்சு இல்லை.

"என்ன சார் ஆச்சு?"

"திடீர் திடீர்னு அணைஞ்சு போகுது டீச்சர். ஹார்ட் டிஸ்க்ல டக் டக்னு சத்தம்." பெட்டியை மேசை மேல் இறக்கி வைத்தார். "போர்டு, ராம், பவர் சப்ளை எல்லாத்தையும் புதுசா போட்டுடலாம்."

"எது கெட்டிருக்கு?"

"தெரியல."

"தெரியாமலே எல்லாத்தையும் மாத்துவீங்களா? தலைவலிக்குத் தலையை மாத்தின கதையால்ல இருக்கு!"

அவர் சிரிக்கவில்லை.

ஜெசிந்தா பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினார். ஃபேன் முழுக்கக் கரிப்பிசுக்கு. மோந்து பார்த்தார்.

"சாம்பிராணியா?"

"சாமி அறையில வச்சிருந்தேன்."

"கம்ப்யூட்டரையா?"

"இவ குரல் அதுலதான் இருக்கு டீச்சர். ஆபரேஷனுக்கு முன்னாடி பாடினது. வேற எங்கேயும் இல்ல."

"காப்பி எடுக்கலையா? முதல் வகுப்பே அதுதானே சார்!"

"டிஸ்க்கை ஓட்டினாத்தானே எடுக்க முடியும்? ஓட்டும்போதே செத்துட்டா?"

ஜெசிந்தா டிஸ்க்கைக் கழற்றித் தன் மேசைக் கம்ப்யூட்டரோடு இணைத்து, அங்கிருந்த நல்ல பவர் சப்ளையில் மாட்டினார்.

"பவர் சரியா வரலைன்னாலும் டிஸ்க் இப்படிச் சத்தம் போடும். சாகக் கிடந்தாலும் போடும். ஓட்டினாத்தான் தெரியும். முதல்ல காப்பி, அப்புறம் கோளாறு. புதுசு வாங்குறதெல்லாம் பிறகு."

சுவிட்சுக்குக் கையை நீட்டினார். தணிகாசலம் முந்திக்கொண்டு அதை உள்ளங்கையால் பொத்தினார்.

"வேண்டாம் டீச்சர். வீட்டுக்கு வேற கம்ப்யூட்டர் வாங்கிக்கிறேன். இது இப்படியே இருக்கட்டும். தொடாத வரைக்கும் குரல் இருக்கும்."

"யாரோட குரல் சார்?"

"இவளோடதுதான்."

"அவங்களைக் கேட்டீங்களா?"

"கேட்டா... அழுவா."

ஜெசிந்தா திரும்பினார். "அக்கா, ஆபரேஷனுக்கு அப்புறம் ஒரு தடவையாவது அதைப் போட்டுக் கேட்டீங்களா?"

அமுதவல்லி கணவரைப் பார்த்தார். இல்லையென்று தலையசைத்தார்.

"இப்பக் கேட்கணுமா?"

அமுதவல்லி எழுந்து மேசையருகே வந்து நின்றார்.

தணிகாசலம் சுவிட்சிலிருந்து கையை எடுக்கவில்லை. "இதுதான் கடைசி ஓட்டமா இருந்தா டீச்சர்?"

"இருக்கலாம். ஆனா இப்ப அக்கா வாயைப் பொத்தியிருக்கிறது உங்க கை, சார்."

அமுதவல்லி சுவிட்சின் மேலிருந்த கணவரின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினார்.